பிவிசி ஆலையில் 11 வருடம், விரல்கள் வெளுக்கின்றன: வேலையை விடச் சொல்லவா?

ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். ஊர், ஆலை, ஆட்களின் பெயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் இங்கே சொல்கிறேன்.

அவருக்கு 33 வயது, கணவருக்கு 39. கணவர் பிவிசி ரெசின் தயாரிக்கும் பெட்ரோகெமிக்கல் ஆலை ஒன்றில் 11 வருடமாக வேலை பார்க்கிறார். கம்பெனி ஆள் இல்லை, காண்ட்ராக்ட். ரியாக்டர் (ரெசின் உருவாகும் பெரிய மூடிய கலன்), டேங்க், ஃபில்டர் சுத்தம் செய்யும் குழுவில் இருக்கிறார். ஷட்டவுன் நாட்களில், அதாவது பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும்போது, ரியாக்டருக்குள் இறங்கி, உள்சுவரில் ஒட்டியிருப்பதைச் சுரண்டி எடுப்பதும் இந்தக் குழுதான். இரண்டு வருடமாக, மார்கழி, தை மாதங்களில் முதல் ஷிப்டுக்கு பைக்கில் கிளம்பினால் விரல்கள் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து மரத்துப்போகின்றன, அப்புறம் நீலமாகி, வெயில் ஏறிய பிறகுதான் சிவந்து பழைய நிலைக்கு வருகின்றன. கம்பெனி டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து "லிவர் நார்மல், ஒன்றும் இல்லை" என்று அனுப்பிவிட்டார். இதற்கிடையில் அதே குழுவில் இருந்த மூத்தவர் ஒருவர் போன ஆவணியில் கல்லீரல் புற்றுநோயில் இறந்துபோனார். அன்றிலிருந்து இந்தச் சகோதரிக்குத் தூக்கம் இல்லை. வீட்டிலிருந்த பிளாஸ்டிக் குடம், டப்பா, நான்கு வயதுக் குழந்தையின் டிபன் பாக்ஸ் வரை எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டார். பாலும் வெல்லமும் சாப்பிட்டால் விஷம் இறங்கிவிடும் என்பது மாமியாரின் நம்பிக்கை. "வாசனை வந்தால்தான் ஆபத்து, எங்களுக்கு வாசனையே வராது" என்பது கணவரின் நம்பிக்கை. வீட்டுக் கடன் இன்னும் ஆறு வருடம் பாக்கி. வேலையை விடச் சொல்லவா, கேஸ் போடவா, அவருக்கும் புற்றுநோய் வந்துவிடுமா என்று கேட்டிருக்கிறார். கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் இரண்டு விஷயம் எழுதியிருக்கிறார்: கொழுந்தன் பிளம்பர், அவர் கொண்டுவரும் பைப் துண்டுகளை மாமியார் வெந்நீர் அடுப்பில் போட்டு எரிக்கிறார், கணவர் சனிக்கிழமைதோறும் குடிப்பார்.

சகோதரி, நீங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பயத்தைத் தவறான இடத்தில் வைத்திருக்கிறீர்கள். குழந்தையின் டிபன் பாக்ஸைத் தூக்கிப் போட்டீர்கள், அந்த அடுப்பை அப்படியே விட்டுவிட்டீர்கள். கணவர் ரியாக்டருக்குள் எத்தனை முறை இறங்கினார், எந்த மாஸ்க் போட்டிருந்தார் என்பதைப் பற்றி நான்கு பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. நான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

ரெசின் வேறு, அந்த வாயு வேறு

பிவிசி ரெசின் என்பது பார்க்க மைதா மாவு போல இருக்கும் வெள்ளைத் தூள். தண்ணீர் பைப், ஒயர் மேல் உறை, ஜன்னல் சட்டம், செருப்பு, ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றும் பை எல்லாம் இதிலிருந்து வருகின்றன. இந்தத் தூளை எதிலிருந்து செய்கிறார்களோ அது வினைல் குளோரைடு, ஆலையில் எல்லோரும் விசிஎம் என்று சொல்வது. அது வாயு. மைனஸ் 13 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் அழுத்தத்தில் திரவமாக வைத்து, ரியாக்டருக்குள் தண்ணீரோடு கலக்கிச் சூடேற்றி, கண்ணி கண்ணியாகக் கோர்த்துத் தூளாக மாற்றுகிறார்கள். கோர்க்கப்படாமல் மிஞ்சும் வாயுவை நீராவி விட்டு உறிஞ்சி எடுத்து மறுபடி உபயோகிக்கிறார்கள்.

புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் பிரிவில் வைத்திருப்பது இந்த வாயுவை. தூள் ஆன பிறகு, உறைந்த தயிர் பாலாகத் திரும்பாத மாதிரி, சாதாரணமாக வைத்துப் பயன்படுத்தும்போது அது அந்த வாயுவாகத் திரும்புவதில்லை. தூளில் துளி ஒட்டியிருக்கலாம், அதற்கும் கணக்கு உண்டு: உணவோடு படும் பிவிசி பொருளில் கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது ஐரோப்பிய விதி.

அதோடு நீங்கள் தூக்கிப் போட்ட பல சாமான் பிவிசியே இல்லை. அடியில் முக்கோணத்துக்குள் எண் இருக்கும், பாருங்கள். டிபன் பாக்ஸ் பெரும்பாலும் 5, அதாவது பாலிப்ரொப்பிலீன். பால் பாக்கெட் 4. தண்ணீர் பாட்டில் 1. பிவிசி என்றால் 3. சூடான சாம்பாரையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் எந்தப் பிளாஸ்டிக்கிலும் போட வேண்டாம், எவர்சில்வர் போதும். மற்றபடி இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பைப்பைப் பற்றி ஒரு சொல்: பழைய பிவிசி பைப்பில் ஈயம் கலந்த உப்புகளைச் சேர்ப்பது வழக்கமாக இருந்தது, அதைக் கட்டுப்படுத்த 2021-இல் மத்திய அரசு தனியாக விதியே கொண்டுவந்தது. வீட்டுக் குழாய் பழையது என்றால் காலையில் முதலில் வரும் தண்ணீரைக் குடிப்பதற்குப் பிடித்து வைக்காமல் பாத்திரம் கழுவ விடுங்கள்.

ஆனால் அந்த வெந்நீர் அடுப்பு இன்றைக்கே நிற்க வேண்டும். பிவிசியின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். எரித்தால் நெஞ்சைக் கமறவைக்கும் அமிலப் புகை வரும், அடுப்புச் சூட்டில் டையாக்ஸின் என்ற கொடிய நச்சும் உண்டாகும். நான்கு வயதுக் குழந்தை அந்தத் தாழ்வாரத்தில் விளையாடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மாமியாரிடம் சண்டை போட வேண்டாம், கொழுந்தனிடம் சொல்லி, துண்டுகளைப் பழைய சாமான் கடையில் போடச் சொல்லுங்கள். காசும் கிடைக்கும்.

வாசனை, பால், வெல்லம்

வாசனை வந்தால்தான் ஆபத்து என்று உங்கள் கணவர் சொல்வதை 11 வருடம் வேலை செய்த பலர் என்னிடம் அதே வார்த்தைகளில் சொல்லியிருக்கிறார்கள். அது உயிரோடு விளையாடும் நம்பிக்கை. வினைல் குளோரைடுக்கு லேசான இனிப்பு வாசனை உண்டுதான், ஆனால் காற்றில் சுமார் 3000 பிபிஎம் வந்தால்தான் மூக்குக்குத் தெரியும். எட்டு மணி நேர வேலைக்கு அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கும் சராசரி 1 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்கு. மூக்குக்குத் தெரியும்போது அளவு ஆயிரக்கணக்கான மடங்கு தாண்டியிருக்கும். மூக்கை நம்பவே கூடாது, மீட்டரைத்தான் நம்ப வேண்டும்.

பால், வெல்லம், வாழைப்பழம் சாப்பிடட்டும், உடம்புக்கு நல்லது. விஷத்தை அவை இறக்காது. இந்த வாயு உடம்பில் தங்கிக் கிடப்பதில்லை, பெரும்பகுதி ஒரு நாளுக்குள் மூச்சிலும் சிறுநீரிலும் போய்விடுகிறது. போகிற வழியில் கல்லீரல் அதை வேறொரு பொருளாக மாற்றுகிறது, அந்தப் பொருள்தான் உயிரணுவின் மரபுப் பொருளில் ஒட்டிக் கெடுதல் செய்கிறது. இறக்குவதற்கு ஒன்றும் உள்ளே மிச்சம் இருக்காது. உள்ளே போகாமல் தடுப்பது ஒன்றுதான் வழி. சனிக்கிழமைக் குடியை விடச் சொல்வதும் இதனால்தான். கெடுதலுக்கு ஆளாகும் கல்லீரல் மேல் சாராயத்தையும் ஏற்றினால் இரண்டும் சேர்ந்து அடிக்கும்.

விரல் வெளுப்பதை விட்டுவிடாதீர்கள்

வெள்ளை, நீலம், சிவப்பு என்று நீங்கள் வரிசையாக எழுதியிருப்பது ரேனாட் என்று மருத்துவர்கள் நாங்கள் சொல்லும் நோய்க்குறியின் வர்ணனை. விரல் ரத்தக்குழாய்கள் குளிரில் அளவுக்கு மீறிச் சுருங்குகின்றன. ரியாக்டருக்குள் இறங்கிச் சுரண்டிய தொழிலாளிகளுக்கு 1960-களிலேயே இதைக் கண்டிருக்கிறார்கள், சிலருக்கு விரல் நுனி எலும்பே கரைந்திருந்தது. அதனால் "ஒன்றும் இல்லை" என்று அனுப்பியது எனக்கு ஏற்கும்படியாக இல்லை.

ஆனால் உடனே ஆலைதான் காரணம் என்று முடிவு கட்டவும் கூடாது. புகை பிடிப்பது, கிரைண்டர், சிப்பிங் மெஷின் போல அதிரும் கருவிகளைப் பிடிப்பது, சில வாத நோய்கள், தைராய்டு எல்லாம் இதே மாதிரி செய்யும். இரண்டு கைக்கும் எக்ஸ்ரே எடுங்கள். விரல் வெளுத்திருக்கும்போது போனில் படம் எடுத்து வையுங்கள், டாக்டரிடம் போகும் நேரத்தில் வெளுப்பு இருக்காது. வாத நோய் சிறப்பு மருத்துவர் ஒருவர் பார்க்கட்டும்.

கல்லீரல் ரிப்போர்ட்டைப் பற்றி: வழக்கமான லிவர் டெஸ்ட் நார்மலாக இருப்பது நல்ல செய்திதான், ஆனால் வினைல் குளோரைடு விஷயத்தில் அது போதாது. அந்த டெஸ்டில் வரும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி எண்கள் நார்மலாக இருக்கும்போதே கல்லீரலில் கொழுப்பும் தழும்பும் ஏறியிருந்ததை இந்த ஆலைத் தொழிலாளிகளிடமே பார்த்திருக்கிறார்கள். வயிற்று ஸ்கேன், பிளேட்லெட் எண்ணிக்கை, முடிந்தால் ஃபைப்ரோஸ்கேன் (கல்லீரல் தழும்பை அளக்கும் ஸ்கேன்), ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனை, இவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஹெபடைடிஸ் பி இல்லை என்றால் தடுப்பூசி போட்டுவிடுங்கள். மூன்று ஊசி, பெரிய செலவு இல்லை.

புற்றுநோய் வருமா? நேரடியாகவே சொல்கிறேன். 11 வருடம் வேலை பார்த்தார் என்பதால் வந்தே தீரும் என்று இல்லை. 1974 ஜனவரியில் அமெரிக்காவின் லூயிவில் நகரத்து பி.எஃப்.குட்ரிச் ஆலையில், ஆஞ்சியோசார்கோமா என்ற மிக அரிதான கல்லீரல் ரத்தக்குழாய்ப் புற்றுநோயில் தொழிலாளிகள் அடுத்தடுத்து இறந்தது வெளியே வந்தது. அதற்கு முன்பே இத்தாலியில் எலிகளில் இதைப் பார்த்திருந்தார்கள். அதுவரை அங்கே இருந்த வரம்பு 500 பிபிஎம். அதை அடுத்த ஆண்டே 1 ஆகக் குறைத்தார்கள். ஆலைகளை மூட வேண்டியதுதான் என்று முதலாளிகள் சொன்னார்கள், மூடவில்லை. மனிதன் இறங்கிச் சுரண்டுவதற்குப் பதிலாக மேலிருந்து உயர் அழுத்தத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவும் முறை வந்தது, மிஞ்சிய வாயுவை உறிஞ்சி எடுக்கும் முறை வந்தது. உலகத்தில் இந்தப் புற்றுநோய் வந்தவர்கள் பெரும்பாலும் அந்தப் பழைய நாட்களில் மிக அதிகமாகச் சுவாசித்தவர்கள். மொத்தத்தில் எவ்வளவு சுவாசித்தார் என்பதுதான் தீர்மானிக்கிறது. நோய் வெளியே தெரிய 20, 30 வருடம்கூட ஆகும், அதனால் வேலையை விட்டாலும் வருடத்துக்கு ஒரு முறை பரிசோதனையை விடக் கூடாது.

இறந்துபோன அந்த அண்ணனுக்கு எந்த வகைப் புற்றுநோய் என்று தெரிந்தால் உங்களுக்கும் உதவும். நம் ஊரில் கல்லீரல் புற்றுநோய்க்கு ஹெபடைடிஸும் குடியும் பெரிய காரணங்கள், எனவே ஆலைதான் என்று இப்போது யாரும் சொல்ல முடியாது. ஆனால் அவர் மனைவி பயாப்ஸி ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கட்டும். இழப்பீடு கேட்பதற்குக் காலக்கெடு உண்டு, சீக்கிரமே ஒரு தொழிலாளர் நல வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ரியாக்டருக்குள் இறங்குவது

இதை உங்கள் கணவர் படிக்க வேண்டும். 20 வருடம் கழித்து வரக்கூடிய நோயைப் பற்றி நீங்கள் கவலைப்படுகிறீர்கள், எனக்கு அடுத்த ஷட்டவுனைப் பற்றிக் கவலை. ரியாக்டரிலிருந்து விசிஎம்மை வெளியேற்ற நைட்ரஜன் விடுவார்கள். நைட்ரஜனுக்கு வாசனை இல்லை, மூச்சுத் திணறலும் தெரியாது. காற்று சரியாக மாற்றப்படாத வெசலில் (ரியாக்டர், டேங்க் போன்ற மூடிய கலனில்) இறங்கியவர் இரண்டே மூச்சில் சுருண்டு விழுவார், காப்பாற்றப் பின்னால் குதித்தவரும் விழுவார். ஒரே வெசலில் இரண்டு மூன்று பேர் போவது இப்படித்தான்.

மூடிய இடத்துக்குள் ஆள் இறங்குவதற்குத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-வது பிரிவு தெளிவான நிபந்தனைகள் வைத்தது. எழுத்தில் பர்மிட் வேண்டும். அந்த பர்மிட்டில் ஆக்சிஜன் எவ்வளவு, எரியும் வாயு எவ்வளவு, விசிஎம் எவ்வளவு என்று எண் எழுதியிருக்க வேண்டும். "ஓகே" என்று டிக் போட்டிருந்தால் போதாது, எண் வேண்டும். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் இறங்கக் கூடாது. வரும் லைன்கள் எல்லாம் வால்வை மூடியதோடு விட்டுவிடாமல் பிளாங்க் என்ற அடைப்புத் தகடு போட்டு அடைத்திருக்க வேண்டும். இடுப்பில் பெல்ட்டும் கயிறும், வெளியே அதைப் பிடித்துக்கொண்டு ஒருவர். தூசி மாஸ்க் வாயுவைத் தடுக்கவே தடுக்காது, வெளியிலிருந்து குழாய் வழியாகக் காற்று வரும் மாஸ்க்தான் வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் இறங்க மாட்டேன் என்று சொல்வது அடாவடி இல்லை, உடனடி ஆபத்தை எடுத்துச் சொல்லும் உரிமை அவருக்குச் சட்டத்திலேயே இருக்கிறது. 1984 போபாலுக்குப் பிறகு 1987-இல் சேர்த்தது அது.

அவருடைய வேலைத் துணியோடு விஷம் வீட்டுக்கு வருமா என்றும் கேட்டிருந்தீர்கள்: வாயு துணியில் தங்கி வீட்டுக்கு வருவது மிகக் குறைவு, ரெசின் தூள்தான் வரும். ஆலையிலேயே குளித்து மாற்றி வரட்டும், வேலை உடுப்பைத் தனியாக ஊற வையுங்கள்.

வேலையை விடுவதா, கேஸ் போடுவதா

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம் என்பது என் எண்ணம். கோபத்தில் நாளைக்கே விட்டுவிட்டால் கேட் பாஸ் போய்விடும், அதோடு ஆலைக்குள் இருக்கும் அவருடைய ரெக்கார்டுகளும் எட்டாத தூரத்துக்குப் போய்விடும். கேஸ் போட இன்னும் நோய் என்ன என்றே தெரியவில்லை. முதலில் காகிதம் சேருங்கள்.

அவருடைய மருத்துவப் பரிசோதனை ரெக்கார்டுகளையும், அவர் வேலை செய்த இடத்தின் வாயு அளவீடுகளையும் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். ஆபத்தான தொழில்களில் தொழிலாளி தன் ரெக்கார்டைப் பார்க்கலாம் என்பதும், என்ன ஆபத்து என்பதை முதலாளி சொல்ல வேண்டும் என்பதும் தொழிற்சாலைகள் சட்டத்தில் இருந்தவை. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்ததால் பிரிவு எண்கள் மாறுகின்றன, மனு எழுதும்போது வழக்கறிஞர் சரியான எண்ணைப் போட்டுத் தருவார். காண்ட்ராக்ட் என்பதால் இந்த உரிமை குறையாது.

காண்ட்ராக்டர்கள் மாறி மாறி வந்திருப்பார்கள், "இவர் எங்கள் ஆளே இல்லை" என்று நாளைக்குச் சொல்லலாம். பிஎஃப் பாஸ்புக்கை ஆன்லைனில் எடுத்து அச்சிடுங்கள், எந்த மாதம் யார் பணம் கட்டினார்கள் என்று அதில் இருக்கும். ஒரு நோட்டில், நினைவிருக்கும் வரை எந்த வருடம், எந்த ரியாக்டர், எத்தனை முறை இறங்கினார், கூட யார் இருந்தார்கள் என்று அவர் கையாலேயே எழுதட்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் கேட்டால் எழுதிவிடுவார்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் இருக்க வேண்டும். எண் இருக்கிறதா பாருங்கள். தொழில்சார் நோய்களைப் பார்ப்பதற்கென்றே அவர்களிடம் மையங்கள் உண்டு. உள்ளூர் டிஸ்பென்சரியில் "என்ன வேலை பார்க்கிறீர்கள்" என்று கேட்காமலே மாத்திரை எழுதிவிடுவார்கள், அதனால் நீங்களே சொல்லி, "வினைல் குளோரைடு, 11 வருடம், வெசல் கிளீனிங்" என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள். ஐதரோகார்பன்களின் நச்சு ஆலசன் சேர்மங்களால் வரும் நோய்கள் இழப்பீட்டுக்குரிய தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருக்கின்றன, வினைல் குளோரைடு அந்த வகைதான். பின்னால் ஏதாவது என்றால் இன்றைய சீட்டு பேசும்.

எக்ஸ்ரேயும் டாக்டர் கடிதமும் கைக்கு வந்தவுடன், வெசலுக்குள் இறங்காத வேலைக்கு மாற்றச் சொல்லி மனு கொடுங்கள். பல ஆலைகள் இதைச் செய்கின்றன. இதில் அபாயமும் உண்டு, மறைக்க மாட்டேன்: காண்ட்ராக்டர் அடுத்த நாள் கூப்பிடாமலே விட்டுவிடலாம். தனியாகப் போகாமல் குழுவில் நான்கைந்து பேராகக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது நல்லது. அவர்களுக்கும் விரல் வெளுக்கிறதா என்று விசாரியுங்கள், ஒருவருக்கு மட்டும் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆலை அசையவில்லை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு எழுதலாம். புகார் கொடுத்தவர் பெயரை ஆய்வாளர் வெளியே சொல்லக் கூடாது என்பதும் தொழிற்சாலைகள் சட்டத்தில் இருந்ததுதான்.

மாற்று வேலை தரவே மாட்டோம் என்று சொல்லி, வெசலுக்குள் எண் எழுதாத பர்மிட்டில்தான் இறக்குவோம் என்றும் சொன்னால், அப்போது கடன் இருந்தாலும் வெளியே வந்துவிடுவதுதான் சரி. வங்கியில் தவணையைத் தள்ளிவைக்கக் கேட்கலாம், வெல்டிங், பைப் ஃபிட்டிங் தெரிந்த ஆளுக்கு வேறு இடத்தில் வேலை இருக்கும்.

அடுத்த ஷட்டவுன் மாசியில் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குள் எக்ஸ்ரே, ஸ்கேன், ஹெபடைடிஸ் பரிசோதனை மூன்றும் முடிய வேண்டும். ரிப்போர்ட் வந்ததும் விரல் படங்களோடு சேர்த்து எனக்கு அனுப்புங்கள், நானே பார்த்துவிட்டு மனுவோடு இணைக்க வேண்டிய கடிதத்தை எழுதித் தருகிறேன்.